ஊர் கேட்டாங்க, சொன்னேன்

மந்திரி வாயைத் திறந்தாரென்றால் மறுநாள் எங்களுக்கு வேலை இரட்டிப்பாகும். பிப்ரவரியில், கொரோனா மூட்டை கட்டிவிட்டது என்றார். சந்தை, கல்யாணம், தேர்த்திருவிழா எல்லாம் நிரம்பி வழிந்தன. மார்ச்சில், இது சின்ன அலை, காலை நனைத்துவிட்டுப் போய்விடும் என்றார். ஏப்ரல் பிறந்தபோது பெங்களூரு கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அப்போதும் மனிதர் அசரவில்லை. உகாதிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கு ஒரு வாசகம் வேறு: "பேவு முகீத்து, இன்னு பெல்ல." வேம்பு முடிந்தது, இனி வெல்லம்தான். உகாதியன்று வேம்பையும் வெல்லத்தையும் கலந்து தின்கிற ஜனங்களிடம் இது உடனே ஒட்டிக்கொண்டது. எழுதிக் கொடுத்தவருக்கு நல்ல மூளை. அதை வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

என் பெயர் பிரபா. திருப்பத்தூர்க்காரி. சாஃப்ட்வேர் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கிற வேலை. அந்த வருஷம் கம்பெனி என்னைத் தொற்றைக் கண்காணிக்கிற அறைக்கு இரவல் கொடுத்திருந்தது. அறை என்று பெயர்தான். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்கான இரண்டு சிவப்பு நாற்காலிகளை யாரும் அப்புறப்படுத்தவில்லை. ஒன்றில் எங்கள் அதிகாரி மஞ்சுநாத் உட்காருவார், மற்றதில் அவருடைய டிபன் கேரியர் உட்காரும். கீழே பந்தி மேஜைகளில் கம்ப்யூட்டரும் போனுமாக நாங்கள்.

நோய் கண்டவர்களுக்குப் போன் போட்டு விவரம் கேட்கிற கூட்டத்துக்கு டென்சில் தலைவன். ஃப்ரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவன், ஐந்து பாஷையில் திட்டுவான். அவன் ஆட்கள் கேட்டுப் பதிவதை நான் வரைபடத்தில் நிறமாக ஏற்றுவேன். தொற்று கூடின இடம் சிவப்பு, குறைந்த இடம் இளஞ்சிவப்பு, இல்லாத இடம் வெள்ளை. அடுத்த வாரம் எது சிவக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதும் என் வேலை. என் கணக்கு ஒவ்வொரு முறையும் பலித்தது, மந்திரியின் ஜோசியம் ஒவ்வொரு முறையும் பொய்த்தது. ஆனால் மைக் இருந்தது அவரிடம். எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த மாதங்களில் அது மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

வரைபடத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓசூர் ரோட்டின் இரண்டு பக்கமும் ரத்தச் சிவப்பு. நடுவில் பொம்மசந்திரா பால் வெள்ளை. தொழிற்சாலைகள், ஷிப்டு பஸ்கள், ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வாடகை வரிசைகள். அங்கே நோய் எட்டிப் பார்க்கவில்லை என்றால் நம்ப முடியுமா? மஞ்சுநாத்திடம் சொன்னேன். வெள்ளையாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே மேடம் என்றார். மந்திரி அதற்கும் மேலே போனார். பொம்மசந்திராவைப் பாருங்கள், உழைக்கிறவனை நோய் தொடாது என்றார். உகாதியன்று காலை அங்குள்ள ஒரு பம்ப் தொழிற்சாலைக்கு வந்து எல்லாத் தொழிலாளர்களுக்கும் தன் கையால் வேம்பும் வெல்லமும் கொடுக்கப் போவதாகவும், அன்றிலிருந்து எல்லா ஆலைகளும் முழு ஆளோடு ஓடும் என்றும் அறிவிப்பு வந்தது. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு யாராலும் வெல்லம் தின்ன முடியாது. மூடிய கொட்டகையில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கப் போகிறார்கள்.

அந்த பம்ப் தொழிற்சாலையில்தான் என் தம்பி ரகு வேலை பார்த்தான். ஃபிட்டர். அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அல்சூருக்கு வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டு, என் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போவான்.

உகாதிக்கு முந்தைய சனிக்கிழமை காலை அவனிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு வரவில்லை என்றான். ஏன் என்றேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, ரசத்தில் வாசனையே தெரியவில்லை என்றான். டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்று வந்து மூன்று நாளாகிறதாம். அறையில் இருக்கிற ஐந்து பேருக்கும் அப்படியேதானாம். நான் திட்டுவேன் என்று சொல்லவில்லையாம். நான் திட்டினேன்.

போனை வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். பொம்மசந்திரா அப்போதும் வெள்ளை. ஐந்து பேர் படுத்திருக்கிற இடத்தில் ஒரு புள்ளி கூட இல்லை. ரகுவின் பெயரைப் போட்டுத் தேடினேன். வந்தது. இடம்: திருப்பத்தூர், தமிழ்நாடு. பக்கத்தில் 'வெளி மாநிலம், அனுப்பப்பட்டது' என்று இருந்தது. திரும்பவும் அவனைக் கூப்பிட்டேன். எங்கள் அறையிலிருந்து போன் வந்ததா என்று கேட்டேன். வந்தது, ஒரு பெண் பேசினாள் என்றான்.

"என்னடா கேட்டா?"

"ஊர் கேட்டாங்க, சொன்னேன்."

அந்த ஒரு சொல்தான். பெங்களூரில் முப்பது வருஷம் இருந்து, வீடு கட்டி, பேரப்பிள்ளை எடுத்தவனிடம் போய் உங்கள் ஊர் எது என்று கேளுங்கள். வந்தவாசி என்பான். ஆரணி என்பான். அரூர் என்பான். பொங்கலுக்குக் கூடப் போகாமல் பத்து வருஷம் ஆகியிருக்கும், ஆனாலும் ஊர் அதுதான். நானே மேலே உங்களிடம் என்ன சொன்னேன், பாருங்கள். கம்ப்யூட்டரில் 'வசிக்கும் இடம்' என்று இங்கிலீஷில் நீட்டி எழுதியிருந்தது. நாளெல்லாம் போன் பேசி நாக்கு வறண்ட பெண்கள் அதை ஒரே சொல்லாகச் சுருக்கிவிட்டார்கள். கன்னடத்திலும் ஊரு, தமிழிலும் ஊரு. வசதியான சொல்.

ராய்ச்சூர்க்காரர்களும் இதே மாதிரி ராய்ச்சூர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது இந்த மாநிலத்துக்குள்ளேயே இருக்கிற மாவட்டம். அங்குள்ள அதிகாரி, ஆள் இங்கே இல்லையே என்று சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். நம் ஆட்கள் விஷயத்தில் தகவல் எல்லை தாண்டிப் போனது. அங்கே யாரோ போன் போட்டார்கள், இவன் பெங்களூரில் இருக்கிறேன் என்றான், அவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை, திரிசங்கு. பீன்யா தொழிற்பேட்டையிலும் இந்தக் கூத்து நடந்திருக்கும். பலதரப்பட்ட ஜனம் கலந்திருந்ததால் அங்கே வரைபடம் கொஞ்சமாவது சிவந்திருந்தது. பொம்மசந்திராவின் அந்த வரிசைகளில் முக்கால்வாசிப் பேர் தமிழ் ஆட்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டதும் உலகம் இருண்டுவிட்டது.

டென்சிலிடம் ஓடினேன். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். சரி, வேறு எப்படிக் கேட்பது? வீடு எங்கே என்றால் அதற்கும் ஊர் வீட்டைத்தான் சொல்வார்கள். நான் யோசித்துச் சொன்னேன்: நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்கலாம்.

"நம்ம பொண்ணுங்க இதைக் கேட்டா அந்தப் பக்கம் என்ன நினைப்பான் மேன்?" என்று டென்சில் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

'வெளி மாநிலம்' என்று ஒதுக்கினவர்களை நானும் அவனும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். ஆரணிக்காரர் பொம்மசந்திராவில் படுத்திருந்தார். அரூர்க்காரர் அதே தெருவில். போளூர், செங்கம், ஊத்தங்கரை, எல்லா ஊரும் அந்த நான்கைந்து தெருக்களில் இருமிக்கொண்டு படுத்திருந்தது. ஒருவர் பேசும்போதே மூச்சு வாங்கி, பேச்சை நிறுத்தி, திரும்பத் தொடர்ந்தார். சாயங்காலம் என் கம்ப்யூட்டரில் மட்டும் அந்தப் பெயர்களைச் சரியான இடத்தில் வைத்துப் பார்த்தேன். பால் வெள்ளையாக இருந்த இடம், நகரத்திலேயே யாரும் பார்க்காத அளவுக்குச் சிவந்தது.

மஞ்சுநாத் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பயந்தது தன் வேலைக்காக மட்டும் இல்லை.

"இது வெளிய போனா டிவியில என்ன ஓடும்னு தெரியுமா? தமிழ்நாட்டுல இருந்து பஸ் ஏறி வந்த நோயும்பாங்க. போன வருஷம் வீட்டுக்காரங்க இவங்க பெட்டி படுக்கையை ரோட்டுல வீசினாங்க. மறந்துட்டீங்களா மேடம்?"

மறக்கவில்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என்ன செய்வது? இத்தனை பேரை ஒரே நேரத்தில் நாமாக மாற்றினால் மேலிடத்துக் கையெழுத்து வேண்டும் என்றார். வேண்டும்தான், விதி அப்படி. அன்றே எழுதி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பதில் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் ரகுவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்ஸிஜன் மீட்டரை நான்தான் அவனுக்கு வாங்கி அனுப்பியிருந்தேன். தொண்ணூற்றொன்று காட்டுகிறது என்றான். அவனுடைய நோயாளி எண்ணைப் போட்டு ஆஸ்பத்திரிப் படுக்கை கேட்டேன். 'இந்த நோயாளி உங்கள் எல்லைக்குள் இல்லை' என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னது. திரும்பத் திரும்பத் தட்டினேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

திங்கட்கிழமை, உகாதிக்கு முந்தின நாள், மத்தியானம் சுந்தரேசன் வந்தார். மந்திரியின் ஆலோசகர். மல்லேஸ்வரத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம், தாத்தா மகாராஜா காலத்தில் உத்தியோகத்தில் இருந்தவர். வேம்பு முடிந்தது என்று எழுதிக் கொடுத்தவர் இவர்தான். மேடையில் டிபன் கேரியரை இறக்கிவிட்டு அவருக்கு இடம் கொடுத்தார்கள். மஞ்சுநாத்திடம் கன்னடத்தில் பேசிவிட்டு, என்னைக் கூப்பிட்டுத் தமிழுக்கு மாறினார். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

"இதோ பாருங்கோ பிரபா. தப்பு நடந்திருக்கு, நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா இன்னிக்கு இந்தப் படம் வெளியில போனா நம்ம ஜனங்க தலையிலதான் விடியும். நாளைக்கு மத்தியானம் நாங்களே சத்தமில்லாம மாத்திடறோம்."

நாளைக்குக் காலையில் முகக்கவசத்தைக் கழற்றப் போகிறவர்கள் கதி என்ன என்று கேட்டேன். கால் மணி நேர விஷயம்தானே என்றார். இருமிக்கொண்டிருக்கிறவர்களும் வருவார்கள், வராவிட்டால் சம்பளம் போய்விடும், அவர்களுக்கு அங்கே நோய் இருப்பதாகவே பதிவு இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, தம்பிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் அவரிடம் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"ஓசூர் ரோட்ல ஒரு நல்ல ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜனோட ஒரு பெட், எங்க ஆபீஸ் பேர்ல இருக்கு. நாளைக்கு ஃபங்ஷன் முடிஞ்சதும் வண்டி உங்க தம்பி ரூம் வாசல்ல நிக்கும். அதுவரைக்கும் நீங்க சும்மா இருந்தா போதும்."

எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் நிஜம். யோசித்துச் சொல்கிறேன் என்று மேடையை விட்டு இறங்கினேன்.

டென்சிலிடம் போய் நின்றேன். அவனுக்கு மேடையில் நடந்தது பாதி புரிந்திருந்தது, மீதியை நான் சொன்னேன். யாருக்கும் கேட்காமல் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினான். நாமாகப் போன் போட்டு மாற்றினால்தான் கையெழுத்து வேண்டும். நோயாளி தானாகக் கூப்பிட்டு, என் விவரம் தப்பு என்று சொன்னால், போனை எடுத்தவர் அந்த நிமிஷமே மாற்றியாக வேண்டும். போன வருஷம் ஒரு பெரிய வக்கீலைப் பெண் என்று பதிந்துவிட்டோம். அவர் போட்ட சத்தத்தில் பிறந்த விதி அது.

"எவன் சைனும் வேண்டாம் மேன். அவங்க கூப்பிட்டா போதும்."

ஏரிக்கரைப் பக்கம் வந்து நின்றேன். ரகு ஒருவன் மட்டும் கூப்பிட்டு மாற்றிக்கொண்டால் போதாதா? அந்தப் பக்கத்துப் படுக்கை வரிசையில் அவன் முன்னால் நிற்பான், யாருடைய தயவும் இல்லாமல் கிடைத்துவிடலாம். ஆனால் எல்லோரும் கூப்பிட்டால் வரிசை நீண்டுவிடும். யாருக்கு மூச்சு மோசமோ அவர்களுக்கு முதலில் என்பது கணக்கு. காலியாக இருந்த படுக்கைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தாலோ, நாளை மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டி நிச்சயம். கணக்குப் போடுவது என் தொழில் என்பதால் இதெல்லாம் எனக்குச் சட்டென்று புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று ஆத்திரமாக இருந்தது.

அவனைக் கூப்பிட்டேன். சுந்தரேசன் சொன்னதைச் சொன்னேன். டென்சில் சொன்னதையும் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"நாளைக்கு ஃபங்ஷனுக்கு நம்ம லைன்ல எல்லாருமே கிளம்புறாங்கக்கா. நம்ம ரூம் பாலகுமாருக்கு எந்திரிக்கவே முடியல, அவனும் ஷூவைத் தொடைச்சு வெச்சிருக்கான்."

"உன் மூச்சு எப்படிடா இருக்கு?"

"கூப்பிட்டு என்ன சொல்லணும், அதைச் சொல்லு முதல்ல."

சொன்னேன். நான் இருக்கிறது பொம்மசந்திராவில், தப்பாகப் பதிந்திருக்கிறீர்கள், மாற்றுங்கள். இவ்வளவுதான். அவன் வைத்துவிட்டான். நான் அங்கேயே நின்று அழுதேன். ஒரு தயிர்க்காரர் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

மண்டபத்துக்குத் திரும்பும்போது சுந்தரேசன் போயிருந்தார். முதல் போன் ரகுவுடையது. அடுத்தது அவன் அறை நண்பன். பிறகு சிறிது நேரம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதானா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்தது ஒரு போன், அது முடிவதற்குள் இன்னொன்று, அப்புறம் பந்தி மேஜைகளில் ஒன்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது. வரிசை வீடுகளில் ஒருவன் அடுத்தவனுக்கு, அடுத்தவன் பக்கத்துத் தெருவுக்கு என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். என் ஊர் பொம்மசந்திராங்க, எழுதிக்கோங்க. அவ்வளவு பேரும் இதையேதான் சொன்னார்கள். சிலர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்கள். ஒரு பெண் பேச முடியாத புருஷனுக்காகச் சொன்னாள். சுவரில் இருந்த பெரிய திரையில் வெள்ளை ஓரங்களிலிருந்து சிவந்துகொண்டே வந்தது.

மேடையில் மஞ்சுநாத்தின் செல்போன் விடாமல் அடித்தது. எடுத்துப் பார்த்தார், பேசாமல் வைத்தார். நிறுத்தச் சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து படியிறங்கி வந்து, ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு போன் முன்னால் உட்கார்ந்து அதை எடுத்தார். தனக்குத் தெரிந்த தமிழில், சொல்லுங்க, நான் எழுதறேன் என்றார். சாயங்காலத்துக்குள் அவர் கையெழுத்தில் அறிக்கை போயிற்று. பொம்மசந்திராவில் கூட்டம் கூடாது, ஆலைகளை மூட வேண்டும், வீடு வீடாக டாக்டர் போக வேண்டும். திரை அவ்வளவு சிவப்பாக இருக்கும்போது யாராலும் மறுக்க முடியவில்லை. மந்திரி மறுநாள் வரப்போவதில்லை என்று ஏழு மணிச் செய்தியில் சொன்னார்கள்.

அதன்பின் சுந்தரேசன் ஒரு முறை பேசினார். கோபமே இல்லை அவரிடம். அந்தப் படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். தம்பிக்காக வேண்டிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

மஞ்சுநாத் பயந்ததும் பாதி நடந்தது. இரண்டு சேனல்களில் எல்லை தாண்டி வந்த நோய் என்று ஓட்டினார்கள். வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். மறுநாள் போலீஸ் வந்து மிரட்டிய பிறகு போட்டார்.

உகாதி காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பொம்மசந்திராவுக்குப் போனேன். பம்ப் தொழிற்சாலை வாசலில் இரண்டு பேர் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ரகு அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மீட்டர் எண்பத்தாறு காட்டியது. பக்கத்தில் பாலகுமார். அரூர்ப் பையன், கல்யாணம் ஆகவில்லை, ரகுவை அண்ணன் என்று கூப்பிடுவான். அவனுக்கு எண்பத்தொன்று.

வண்டி வந்தது. டிரைவர் பெயரைப் படித்தார்: பாலகுமார். ஒரு படுக்கை, ஒரு ஆள். ரகுவின் பெயர் வரிசையில் எங்கேயோ பின்னால் இருந்தது. டிரைவரிடம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் இறக்க விடமாட்டார்கள் மேடம், நேற்று ஒருவரை வாசலிலேயே வைத்துக்கொண்டு நின்றேன் என்றார்.

"அக்கா, அண்ணனை ஏத்துங்க. நான் அடுத்த வண்டியில வரேன்" என்றான் பாலகுமார். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

என் கை ரகுவின் முழங்கையைப் பிடித்திருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பையன் எனக்கு யார்? டிரைவருக்கு முகம் தெரியாது, முகக்கவசத்துக்குள் யார் என்று எவன் பார்க்கப் போகிறான்? ரகு என் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

"பேரு அவனுதுக்கா."

பாலகுமாரின் செருப்பைத் தேடி எடுத்து வண்டிக்குள் வைத்ததும் ரகுதான். வண்டி போன பிறகு நாங்கள் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். பேச வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஒரு மணி ஆனபோது சுந்தரேசனின் வண்டி இந்நேரம் வந்திருக்கும் என்று நினைத்தேன். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ரகுவுக்குப் படுக்கை சாயங்காலம் கிடைத்தது. அப்போது அவனை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் அவன் போய்விட்டான். அரை நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். சுடுகாட்டில் வரிசை. அங்கேயும் முறை வர வேண்டியிருந்தது.

அந்த வாரமே மந்திரி டிவியில் தோன்றினார். பொம்மசந்திராவில் ஒளிந்திருந்த நோயைத் தங்கள் ஆட்கள் கழுகுக் கண்ணோடு கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார். ஒரு பெரிய கூட்டம் தடுக்கப்பட்டது, பல நூறு உயிர் தப்பியது என்றார். அது மட்டும் அவர் வாயிலிருந்து வந்த நிஜம். இனி மே மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று சேர்த்துக்கொண்டார். நான் கையிலிருந்த டம்ளரை டிவியின் மேல் எறிந்தேன். டிவி இன்னும் கீறலோடுதான் ஓடுகிறது.

பாலகுமார் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன் செய்வான். எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவன் குரலில் மூச்சு சீராக இருப்பதைக் கேட்கும்போது ஒரு நொடி அவன்மேல் வெறுப்பாக இருக்கும். அதற்காக என்மேலேயே அருவருப்பாக இருக்கும். எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டு. ஒரு வாரமும் விட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாமல் நேராக வந்து நின்றான். ஆள் தேறியிருந்தான், கன்னத்தில் சதை போட்டிருந்தது. உள்ளே வராமல் செருப்போடு வாசலிலேயே நின்றான். ரொம்ப நாள் மனதில் வைத்திருந்ததை ஒப்பித்துவிட வந்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு நான் ஏறியிருக்கக் கூடாதுக்கா."

எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏறாம இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதிருப்பேன். இந்தப் பேச்சை இன்னொரு தடவை பேசினா செருப்பு பிஞ்சிடும். உள்ள வா. கை கழுவு."

அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் சமையலறைக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி அக்கா என்றான்.